தண்ணீரில் கண்டமில்லாத 'கண்டம்': 770 யென் மாடல் கிட் ஒன்றின் மதிப்புரை

பண்டாய் ஸ்பிரிட்ஸ் நிறுவனம் 'என்ட்ரி கிரேடு' வரிசையில் 2020இல் வெளியிட்ட 1/144 அளவு ஆர்எக்ஸ்-78-2 'கண்டம்' (Gundam) ரோபோவின், துண்டுகளைப் பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கிட்டை, என் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்காக டோக்கியோவின் ஒடைபா பகுதியில் வாங்கினோம். வெளிவந்தபோது வரியுடன் சேர்த்து இதன் விலை 770 யென். 1979இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தோன்றிய 18 மீட்டர் உயர ராட்சத ரோபோவை 12.5 சென்டிமீட்டருக்குச் சுருக்கி, உணவு மேசையில் நிறுத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இயந்திரப் பொறியாளனாகிய எனக்கு இந்தக் கிட் பொம்மையாக மட்டும் தெரியவில்லை. இலேசான பொருட்கள் கிடைத்துவிட்டால் இப்படிப்பட்ட ராட்சத ரோபோக்களை உண்மையிலேயே நடக்கவிடலாம் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க, இதைவிட மலிவான கருவி கடைகளில் கிடையாது என்றே நினைக்கிறேன். ஆகவே இந்த மதிப்புரையில் பாதி கிட்டைப் பற்றியது, மீதி அது எழுப்பும் கணக்குகளைப் பற்றியது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியர் உச்சரிப்பதைத் தமிழில் எழுதினால் 'கண்டம்' என்றுதான் வந்து நிற்கிறது. வீடியோ அழைப்பில் மகள் பெட்டியைத் தூக்கிக் காட்டிப் பெயரைச் சொன்னதும், "ஏம்ப்பா, தண்ணியில கண்டமா, நெருப்புல கண்டமா?" என்று என் அம்மா கேட்டார். அப்போது சிரித்துவிட்டு விட்டேன். பிறகு தராசை எடுத்து உட்கார்ந்தபோது அந்தக் கேள்விக்குத் துல்லியமான பதிலே இருப்பது தெரிந்தது.

முதலில் கிட். நிப்பர் என்ற வெட்டும் இடுக்கி, பசை, வண்ணம் எதுவும் தேவையில்லை. சட்டத்தில் உள்ள உறுப்புகளைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கழற்றிய இடத்தில் முள்போன்ற மிச்சம் ஏறத்தாழத் தங்குவதேயில்லை. வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் நிறங்கள் பிளாஸ்டிக்கிலேயே பிரித்து வார்க்கப்பட்டிருப்பதால், ஸ்டிக்கர் ஒட்டும் வேலையும் இல்லை. இதுவரை எந்த மாடலையும் கட்டியிராத ஒன்பது வயதுப் பிள்ளை, எழுத்தில்லாமல் படத்தை மட்டும் பார்த்து, முக்கால் மணி நேரத்திற்குள் கட்டி முடித்தாள். முழங்காலை மடக்கும்போது தொடையும் கெண்டைக்கால் உறையும் ஒன்றையொன்று இடிக்காமல் விலகிக்கொள்ளும் விதத்தை அவள் நாலைந்து முறை மடக்கி நீட்டி ரசித்தாள். நானும்தான். வார்ப்பு அச்சில் காட்டியிருக்கும் துல்லியத்திற்கு 770 யென் என்பது கூச்சப்பட வைக்கும் விலை.

கட்டிக்கொண்டிருந்தபோதே நான் காபிக்கென்று வைத்திருக்கும், கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசை மேசைக்குக் கொண்டுவந்தேன். காரணம் இதுதான். கதையில் இந்த ரோபோவின் எடை 43.4 டன் என்று சொல்லப்படுகிறது. உயரத்தை 144இல் ஒரு பங்காகக் குறைத்தால், கன அளவு 144ஐ மூன்று முறை பெருக்கிவரும் 29,85,984இல் ஒரு பங்காகக் குறையும். அதே அடர்த்தியில் செய்வதானால், மேசைமேல் நிற்கும் இந்தக் குட்டி உருவம் பதினான்கரை கிராம்தான் இருக்க வேண்டும். கால்களையும் உடற்பகுதியையும் மட்டும் பொருத்தித் தராசில் வைத்தோம். தலை, கை, துப்பாக்கி, கேடயம் எதுவும் இன்னும் சேரவில்லை. எண் பதினைந்தைத் தாண்டிப் போய்விட்டது. உள்ளே பெரும்பாலும் காலியாக இருக்கும், தண்ணீரைவிடச் சற்றே கனமான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆன பொம்மை, உலோகக் கவசமும் அணு உலையும் கொண்டதாகச் சொல்லப்படும் போர் இயந்திரத்தைவிட அடர்த்தியானது என்பதே இதன் பொருள்.

வேறொரு வழியிலும் இதைச் சரிபார்க்கலாம். 170 சென்டிமீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஒருவரை, உடல் விகிதம் மாறாமல் 18 மீட்டருக்கு வளர்த்தால், எடை ஏறத்தாழ 77 டன்னாகும். மனித உடலின் அடர்த்தி தண்ணீரை ஒட்டியது. ஆகவே 43.4 டன் எடையுள்ள உருவத்தின் அடர்த்தி தண்ணீரில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ரோபோவின் கைகால்கள் மனிதனுடையவற்றைவிடப் பருமனானவை என்பதால் உண்மையில் அதுவும் இருக்காது. தேக்கு மரத்தைவிட இலேசான இந்த இயந்திரத்தைக் கடலில் தள்ளிவிட்டால் கட்டையைப்போல மிதக்கும். அம்மாவின் கேள்விக்குப் பதில்: தண்ணீரில் இதற்குக் கண்டமே இல்லை.

இங்கேதான் எனக்கு யோகோஹாமா நினைவுக்கு வந்தது. யமாஷிடா துறைமுக மேடையில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை, இதே ரோபோவின் முழு அளவு உருவம், கைகால்களை அசைக்கும்படி அமைக்கப்பட்டு, பார்வையாளர்களுக்குக் காட்டப்பட்டது. 2022இல் குடும்பத்தோடு போயிருந்தோம். எஃகுச் சட்டகத்தின்மேல் கார்பன் நார் கலந்த பிளாஸ்டிக் போர்த்திய அந்த உருவத்தின் எடை ஏறத்தாழ 25 டன். 2009இல் ஒடைபாவில் வைத்த, தலையை மட்டும் அசைத்த முந்தைய சிலை 35 டன். அதாவது கற்பனை எழுத்தாளர்கள் தயக்கமில்லாமல் எழுதிவைத்த 43.4 டன்னையும் பொறியாளர்கள் வெகுவாகக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். இலேசான பொருளால் ராட்சத உருவத்தைச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, கதையில் வரும் 'லூனா டைட்டானியம்' என்ற கற்பனை உலோகத்தைத் தேடி எங்கும் போகாமல், கடைத்தெருவில் கிடைக்கும் எஃகையும் நாரையும் பிசினையும் கொண்டே 'முடியும்' என்று பதில் சொல்லியாகிவிட்டது.

ஆனால் அது நின்றதா? அப்போது ஆறு வயதாகியிருந்த மகள் பார்த்தவுடன் கேட்டது, "அப்பா, அது நிக்குதா, தொங்குதா?" என்பதுதான். முதுகுப்புறமிருந்து வந்த பெரிய தாங்கி ஒன்று அதன் இடுப்பைப் பிடித்திருந்தது. ரோபோ முழங்காலைத் தூக்கும். பாதத்தை முன்னால் வைக்கும். அதே நேரத்தில் தாங்கி முன்னால் நகரும். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஓர் அடி எடுத்து வைத்ததுபோல இருக்கும். எடையைச் சுமந்தது பாதமன்று, தாங்கி. மிக அழகாகச் செய்யப்பட்ட காட்சி அது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, கை மெதுவாக வானத்தை நோக்கி உயர்ந்தபோது கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டது. எனினும், கதையைவிட 18 டன் குறைவான எடையில் செய்தும் அதை அதன் சொந்தக் கால்களில் விடவில்லை என்பதுதான் நான் அங்கிருந்து மனத்தில் கொண்டுவந்த செய்தி. மேசையிலுள்ள 770 யென் கிட்டோ எந்தப் பிடிமானமும் இல்லாமல் தானே நிற்கிறது.

இந்த வேறுபாட்டின் காரணத்தைக் கிட்டே காட்டும். துப்பாக்கியைப் பிடித்த வலக்கையை நேராக நீட்டிவைத்துவிட்டு இரவு படுக்கப் போனோம். காலையில் வந்து பார்த்தபோது கை அப்படியே இருந்தது. தோள்மூட்டில் மோட்டாரும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. பிளாஸ்டிக் குமிழும் அதைக் கவ்விய குழியும் உரசும் பிடிப்பு மட்டுமே. உருவத்தை 144 மடங்கு வளர்த்தால் கையின் எடை 144இன் மும்மடி அளவில் ஏறும்; அந்த எடை தோளிலிருந்து விலகி நிற்கும் தூரமும் 144 மடங்காகும்; ஆகவே தோளைக் கீழே திருப்பும் விசை 144இன் நான்மடி அளவில், அதாவது நாற்பது கோடி மடங்குக்கு மேல் உயரும். மூட்டின் பிடிப்போ, அதே பொருளில் அதே அழுத்தத்தில் செய்தால், மும்மடி அளவில்தான் வளரும். விடுபடும் பற்றாக்குறை மிகச் சரியாக 144 மடங்கு. 1638இலேயே கலிலியோ, பெரிய விலங்கின் எலும்பு சிறிய விலங்கின் எலும்பை அப்படியே பெரிதாக்கியதாக இருக்க முடியாது, விகிதம் மீறித் தடித்தாக வேண்டும் என்று வரைந்து காட்டியதும் இந்தக் கணக்கைத்தான்.

பொருள் இலேசாகவும் உறுதியாகவும் இருந்தால் 144 என்ற பற்றாக்குறையை ஓரளவு அடைக்கலாம் என்பது உண்மை. கார்பன் நார்க்கலவையின் அடர்த்தி எஃகினுடையதில் ஐந்தில் ஒரு பங்கு. நார் ஓடும் திசையில் இழுத்தால் சாதாரணக் கட்டுமான எஃகைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் 'நார் ஓடும் திசையில்' என்ற அந்த நிபந்தனையை விளம்பரங்கள் விழுங்கிவிடுகின்றன. மூங்கிலை நீளவாக்கில் இழுத்து அறுக்க யானை வேண்டும். அரிவாளின் நுனியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். கார்பன் நாரும் அந்தச் சாதிதான். எல்லாத் திசைகளிலும் தாங்க வேண்டுமென்று நாரைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் அதன் பெருமையில் பெரும்பகுதி கரைந்துவிடும். விசைகள் பல திசைகளிலிருந்து வந்து குவியும் இடம் எதுவென்றால், அது மூட்டு. அங்கே தாங்குருளை, அச்சு, போல்ட் எல்லாம் உலோகமாகவே இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, மூட்டை அசைப்பதற்கான பொருட்களும் அங்கேதான் உட்காருகின்றன. இரண்டு டன் கையொன்றை நேராக நீட்டிப் பிடிக்க, கையின் எடைமையம் தோளிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளியிருப்பதாகக் கொண்டால், ஏறத்தாழ 70,000 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும். சிறிய கார் இன்ஜின் தருவது நூறிலிருந்து நூற்றைம்பது. ஆகவே மோட்டாரின் வேகத்தைப் பலியிட்டு விசையைப் பெருக்கும் பற்சக்கரப் பெட்டி தேவை. யோகோஹாமா உருவத்தின் மூட்டுகளுக்கு இத்தகைய பெட்டிகளைத் தந்தது நப்டெஸ்கோ நிறுவனம். மோட்டார் என்பது செம்பும் இரும்பும் காந்தமும். பற்சக்கரம் என்பது எஃகு. இவற்றுக்கு இலேசான மாற்று இன்றுவரை கிடையாது. முழங்கையில் ஒரு பெட்டியைச் சேர்த்தால் அதன் எடையையும் தோள் சுமக்க வேண்டும். தோளுக்கு இன்னும் பெரிய பெட்டி. அதை இடுப்பு சுமக்க வேண்டும். உறையைக் கார்பன் நாரில் செய்து மிச்சப்படுத்திய எடையை மூட்டுகள் சத்தமில்லாமல் தின்றுவிடும். சமையலில் எண்ணெயைக் குறைத்துவிட்டு அப்பளத்தை இரட்டிப்பாக்கும் நம் வீட்டு உணவுக் கட்டுப்பாடு போன்றதுதான் இதுவும்.

மூன்றாம் நாள் கிட் மேசையிலிருந்து விழுந்தது. ஒரு கை கழன்று சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தேடியெடுத்துப் பொருத்தினோம், ஒரு கீறலும் இல்லை. முக்கால் மீட்டர் மேசை அதன் உயரத்தைப்போல ஆறு மடங்கு. உண்மை அளவில் அது நூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அவ்வளவு உயரமெல்லாம் வேண்டாம். 18 மீட்டர் ரோபோ நின்ற இடத்திலேயே மரம்போலச் சாய்ந்தால், நெஞ்சுப் பகுதியில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவார். இந்த வேகம் எடையைச் சார்ந்ததே அன்று. இரும்பில் செய்தாலும் இறகில் செய்தாலும் அதே வேகந்தான்.

நடையின் வேகத்திலும் பொருளுக்குப் பெரிய பங்கில்லை. கால் ஓர் ஊசல். பத்தரை மடங்கு நீளமான ஊசல் ஆடி முடிக்க மூன்றேகால் மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். நாம் அரை நொடியில் வைக்கும் அடியை அது ஒன்றரை நொடிக்கு மேல் எடுத்து, நிதானமாகத்தான் வைக்கும். கார்ட்டூனில் காட்டுவதுபோல மனித வேகத்தில் வீச வைத்தால், மூட்டுகளுக்கான தேவை இன்னும் பத்து மடங்கு ஏறும்.

இனி, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்த பாடம். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அலமாரியில் கம்பீரமாக நின்ற கிட் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தினோம், மறுபடியும் விழுந்தது. மகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எனக்கோ அதுவரை எழுதிவைத்த கணக்குத்தாளில் ஒரு வரி விடுபட்டிருப்பது உறைத்தது. 18 மீட்டர் உருவத்தின் முன்பக்கப் பரப்பு ஏறத்தாழ 75 சதுர மீட்டர் இருக்கும். நொடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று அதை இரண்டு டன் விசையோடு தள்ளும். அந்தத் தள்ளல் சராசரியாக ஒன்பது மீட்டர் உயரத்தில் விழும். எடை 43 டன் என்றால், மூன்று மீட்டர் நீளப் பாதம் அதைச் சமாளித்துக்கொள்ளும். அற்புதமான பொருளொன்றைக் கண்டுபிடித்து எடையை ஐந்து டன்னாகக் குறைத்தோம் என்று வையுங்கள். அதே காற்று, இரு பாதங்களும் இணையாக ஊன்றி நிற்கும் அந்த உருவத்தை மல்லாக்கத் தள்ளிவிடும். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் சூறாவளியில் 43 டன்னும் போதாது. ஜப்பானில் சூறாவளி அபூர்வமன்று.

ஆக, ஓர் எல்லைக்குமேல் இலேசாவதே குற்றமாகிறது. அறிவியல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் அதி இலேசான பொருட்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். 2011இல் அமெரிக்காவில், கன சென்டிமீட்டருக்கு 0.9 மில்லிகிராம் மட்டுமே எடையுள்ள உலோக வலைப்பின்னலைச் செய்து, ஊதினால் பறக்கும் டேண்டெலியன் பூவிதையின்மேல் வைத்துப் படமெடுத்தார்கள். 2013இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் 0.16 மில்லிகிராம் அளவுக்குக் கிராபீன் ஏரோஜெல் என்ற, துளைகள் நிறைந்த கரிப்பொருளைக் கொண்டுபோனார்கள். இவை உண்மையான சாதனைகள். ஆனால் ஒரு பொருளைப் பஞ்சுபோலத் துளைகளால் நிரப்பி இலேசாக்கும்போது, எடை குறையும் வேகத்தைவிட உறுதி குறையும் வேகமே பெரும்பாலும் அதிகம். உறையின் உள்பக்கத்தை நிரப்ப, வெப்பத்தைத் தடுக்க இவை உதவலாம். முழங்கால் அச்சாக வைக்க முடியாது. நீண்ட கழுத்து டைனோசர்கள் பல பத்து டன் எடையோடு நான்கு கால்களில் நடந்திருக்கின்றன. அவற்றின் முதுகெலும்புக்குள் காற்றறைகள் இருந்தன. இயற்கையும் கழுத்தையும் முதுகையும்தான் குடைந்து இலேசாக்கியது. எடை சுமந்த கால் எலும்புகளைத் தூண்போலக் கனமாகவே வைத்தது.

இப்போது காசு கொடுத்து வாங்கக்கூடிய, ஆள் அமர்ந்து ஓட்டும் ரோபோக்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ட்சுபாமே இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 2023இல் அறிமுகப்படுத்திய ஆர்காக்ஸ், 4.5 மீட்டர் உயரமும் 3.5 டன் எடையும் கொண்டது. விலை 40 கோடி யென். அதற்குக் கால்கள் உண்டு, ஆனால் அவற்றின் அடியில் இருப்பவை சக்கரங்கள். உயரத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்த பிறகும் அதைச் செய்தவர்கள் நடையைத் தவிர்த்திருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவர்களின் முடிவு அது.

மீண்டும் கிட்டுக்கு வருகிறேன். கட்டும் எளிமைக்கும் வார்ப்புத் தரத்திற்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். பெரிய பெட்டிகளில் வரும் விலையுயர்ந்த கிட்களின் நுணுக்கத்தை இதில் எதிர்பார்ப்பது நியாயமன்று. அதே நேரத்தில், கைதேர்ந்தவர்கள் இதை அரை மணியில் முடித்துவிட்டு வேறு ஏதேனும் கேட்பார்கள். குழந்தைக்கு வாங்கித் தருபவர்கள் கூடவே கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு ஒன்றையும் ஒரு நாள் இரவல் வாங்கிக்கொண்டால், பள்ளிக்கூடத்தில் ஒரு பருவம் நடத்தும் பாடத்தை ஒரு மாலையில் முடித்துவிடலாம். வாங்கும் இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டாவது கிட்டை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியபோது, அச்சிட்ட விலையைப்போல இரு மடங்கு கொடுத்தும், மூலை நசுங்கிய பெட்டிதான் வந்து சேர்ந்தது. முடிந்தவரை கடைக்கு நேரில் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசிறிக் காற்றுக்கு விழுவதைத் தடுக்க, இதே நிறுவனத்தின் 'ஆக்ஷன் பேஸ்' என்ற தாங்கியைத் தனியாக வாங்கி வந்தோம். அது இடுப்புக்குக் கீழே வந்து பிடித்துக்கொள்ளும். மகள் அதில் பொருத்திவிட்டு, ஒரு காலை லேசாகத் தூக்கிவைத்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். "யோகோஹாமா மாதிரியே இருக்குப்பா" என்றாள்.